மூன்று கணினியிலும் மணி பத்தே முக்கால்

கையால் செய்கிற வேலை கெட்டால் ஓர் இடத்தில்தான் கெடும். சட்டை கிழிந்தால் ஒரு சட்டை, சாம்பார் கரித்தால் ஒரு சட்டி. கணினியால் செய்கிற வேலை கெட்டால் மூன்று இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கெடும். இது யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இல்லை. நானே கெடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது.

யாழினி, கவின், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் படித்தாலும் பரவாயில்லை. (உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கையில மட்டும் கிடைக்காம பாத்துக்குங்க.) அப்பா பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் தி. நகரில் ஒரு மூன்றாவது மாடியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த ஆறு மாதத்தில் நான்கு மாதம் ஜன்னல் வழியாகக் கீழே போகிற கூட்டத்தைத்தான் படித்தேன். மேலிருந்து பார்த்தால் ஆயிரம் தலைகளும் ஒரே வெள்ளமாக நகரும். நடுவில் ஒரு பலூன்காரர் மட்டும் தெப்பம் மாதிரி மிதந்து போவார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வாத்தியார் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொன்னதில் பாதி இன்னும் அந்த ஜன்னலுக்கு வெளியில்தான் எங்கோ இருக்கிறது.

அந்தப் படிப்போடு இருபத்தாறு வயதில் அடையாற்றில் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு வீட்டின் மாடி. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். ஓடுகிற மாதிரியும் இருக்காது, நிற்கிற மாதிரியும் இருக்காது. யோசித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். (என்ன மாதிரி.) அங்கே நாள் முழுக்க இருந்தது இரண்டே பேர். ஒருவர் பாஸ்கர் சார். மென்பொருள் எழுதுபவர், முதலாளியும் அவரே. இன்னொருவன் நான். டீ வாங்குவது, பெருக்குவது, கணினிகளைத் துடைப்பது என் வேலை. எனக்கு நாற்காலி கிடையாது. கம்ப்யூட்டர் மானிட்டர் வந்த காலி அட்டைப்பெட்டிதான் ஆசனம். நான் உட்கார உட்கார அது என் உருவத்துக்குக் குழிந்துபோயிருந்தது.

அப்போது சாருக்கு ஒரு நல்ல வேலை வந்தது. பட்டினப்பாக்கம் பக்கத்தில் மீன் விற்கிற பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். காலையில் படகு வந்ததும் இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்று கரையில் ஒருவர் கணினியில் தட்டினால், மயிலாப்பூர், சைதாப்பேட்டைச் சந்தைகளில் உட்கார்ந்திருக்கிற பெண்களின் போனில் அது வர வேண்டும். எழுத்தாக அல்ல, குரலாக. மீன் செதில் ஒட்டின கையோடு யார் போனை எடுத்துப் படிப்பது? போனே சத்தமாகச் சொல்ல வேண்டும், "வஞ்சிரம் வந்தாச்சு" என்று.

இதில்தான் சிக்கல். சங்க அலுவலகத்தில் இருந்தது விண்டோஸ் கணினி. கரையில் ஏலக் கொட்டகையில் இருந்தது யாரோ தானமாகக் கொடுத்த பழைய கணினி, அதில் லினக்ஸ். பெண்கள் கையில் ஆண்ட்ராய்டு போன். மூன்றும் மூன்று ஜாதகம். ஒன்றில் ஓடுவது மற்றதில் ஓடாது.

ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டார்.

"குமரேசா, உனக்கு இட்லி தெரியுமா?"

"தெரியும் சார். எத்தினி வாங்கியாரணும்?"

"வாங்க வேணாம்யா, உக்காரு. நான் எழுதறது இருக்கு பாரு, அது வெறும் மாவு. மாவை யாராவது சாப்பிடுவாங்களா? வேக வெக்கணும். அதுக்குப் பேர்தான் பில்ட். ஆனா விண்டோஸ்காரன் வீட்ல இட்லிப் பானை, லினக்ஸ்காரன் வீட்ல தோசைக்கல்லு, போன்ல பணியாரச் சட்டி. மாவு ஒண்ணு, அடுப்பு மூணு. எந்த அடுப்புல எப்படி ஊத்தணும்னு ஒரு சீட்டு எழுதிட்டா மெஷினே பாத்துக்கும். அந்தச் சீட்டை எழுதறதுதான் இப்ப நம்ம வேலை."

"நம்ம" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இரண்டு மாதம் அந்தச் சீட்டோடு கிடந்தேன். மூன்று பழைய கணினிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுப்பு. விண்டோஸ் தாராளமானவர். கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் "நம்ம பையன்தானே" என்று உள்ளே விடுவார். லினக்ஸ் ரோஷக்காரர். ஓர் எழுத்து பெரிதானால் "நீங்க யாரு?" என்பார். ஆண்ட்ராய்டு கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி. எதைக் கொடுத்தாலும் இன்னொன்று கேட்பார். மூன்று பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாதி மீசை உதிர்ந்துவிட்டது. ஆனால் என்ன ஆச்சரியம், வேலை கைவந்தது! சார் ஒரு வரி சொன்னால் நான் மூன்று கணினிக்கும் அதை ஏற்றபடி மாற்றி எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே போன படிப்பு எந்த வழியாகவோ திரும்பி வந்திருந்தது.

சார் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் வேக வெக்காது. இட்லியை விட மாவு புதுசா இருந்தா மட்டும்தான் மறுபடி ஊத்தும். மாவு பழசா இருந்தா சும்மா இருந்துடும். வீணா எதுக்கு அடுப்பு எரியணும்?" நான் பலமாகத் தலையாட்டினேன். எனக்குப் புரியாத இடத்தில்தான் நான் பலமாகத் தலையாட்டுவேன்.

சோதித்துப் பார்க்கக் குரல் வேண்டும். மொத்தம் ஐம்பத்திரண்டு மீன். "நிஜக் குரல் அப்புறம் வரும். இப்போதைக்கு ஒவ்வொரு மீன் பேரையும் சொல்லி, வாயில வர்றதைப் பேசி ரெக்கார்டு பண்ணு. டெஸ்ட்டுக்குத்தானே" என்றார் சார். ஒரு மத்தியானம், தயிர் சாதத்துக்குப் பிறகு, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி பேசினேன். வெயில் தண்ணீரில் பட்டு அறையின் கூரையில் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. என்ன பேசினேன் என்பது அன்று சாயங்காலமே மறந்துவிட்டது.

நிஜக் குரலுக்கு சார் ஏற்பாடு செய்தது மயிலாப்பூர் வைதேகி மாமியை. பாட்டு டீச்சர். குரல் வெண்கலம் மாதிரி இருக்கும். வாழ்க்கையில் மீனைத் தொட்டியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

கடைசியில் அந்த நாள் வந்தது. ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் நான்கு மணிக்குச் சங்கப் பெண்கள் எங்கள் மாடிக்கு வந்து மூன்றிலும் ஓடுவதைப் பார்ப்பார்கள். பிடித்தால் கையெழுத்து. பன்னிரண்டு மணிக்கே சோதனைக் குரலை வைத்து மூன்று கணினியிலும் ஒரு முழு பில்ட் போட்டுப் பார்த்தோம். சரியாக ஒரு மணி நேரம், ஒரு மணிக்கு முடிந்தது. எல்லாம் பிரமாதம்.

சார் என் தோளில் கை வைத்தார். "நான் தி. நகர் போய் வாடகைக்குப் பெரிய ஸ்பீக்கர் எடுத்துட்டு வரேன். ரெண்டு மணிக்கு மாமி குரலைக் கொண்டு வருவாங்க. அதை உள்ள போட்டு மறுபடி பில்ட் போட்டுடு. முடிஞ்சதும் ஒண்ணு ரெண்டைக் கேட்டுப் பாத்துடு. இது மட்டும் ஒழுங்கா நடந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து நீ டீ வாங்கப் போக வேணாம் குமரேசா. நீதான் இங்க பில்ட் ஆபரேட்டர். உனக்குன்னு ஒரு மேஜை, நாற்காலி."

"நடக்கலேன்னா சார்?"

"நடக்கலேன்னா, நான் படிச்ச பையன் யாரையாவதுதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன்.

சரியாக இரண்டு மணிக்கு வைதேகி மாமி படியேறி வந்தார். கைப்பையிலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்தார். அதைத் திறந்தால் உள்ளே பென் டிரைவ்.

"இந்தாப்பா. அம்பத்திரண்டும் சொல்லியாச்சு. காரப்பொடின்னா மீனாமே! நான் இட்லிக்குத் தொட்டுக்கற பொடின்னுன்னா நெனச்சுண்டிருந்தேன். கானாங்கெளுத்திய மட்டும் நாலு தடவை பாடிண்டே பழகினேன். ஆத்துல எல்லாரும் எழுந்து ஓடிட்டா."

"ரொம்ப நன்றி மாமி. இப்பவே பில்ட் போட்டுடறேன்."

மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பவேவா? வியாழக்கிழமை ஒன்றரையிலேர்ந்து மூணு ராகு காலமோன்னோ?"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் ராகு காலத்தில் புதுத் துடைப்பம்கூடப் பிரிக்க மாட்டோம். மூன்று மணிக்கு ஆரம்பித்தால் நான்கு மணிக்கு முடியும், பெண்கள் வந்து நிற்பார்கள், கேட்டுப் பார்க்க நேரமே இருக்காது. இப்போது ஆரம்பித்தால் ராகு. என் நாற்காலியின் நான்கு காலும் ஆடின.

"மாமி, நீங்க மட்டும் ராவு காலத்துல கெளம்பி வந்துட்டீங்களே?"

மாமி சிரித்தார். "நான் அசடா? கார்த்தால நல்ல நேரத்துலயே பையைக் கொண்டுபோய் எதிராத்துல வெச்சுட்டேன். அப்பவே பொறப்பட்டாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எப்போ கிளம்பினா என்ன? பரஸ்தானம்னு பேரு." சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தனியாக நின்றேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. ஆற்றில் ஒரு வெள்ளைக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. பையை முன்னாலேயே நகர்த்தி வைத்தால் புறப்பட்டதாக ஆகும் என்றால், மணியை நகர்த்தி வைத்தால் என்ன? ராகு காலம் என்பது என்ன, மணிதானே? இந்த அறையில் பில்ட் போடப்போவது நானா? நான் இல்லையே, கணினி. கணினிக்கு எது மணி? அதன் மூலையில் தெரிகிறதே, அதுதான் மணி.

(சிரிக்காதீங்க. அந்த நிமிஷத்துல அது எனக்கு வேதாந்தம் மாதிரி இருந்துச்சு.)

தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அன்று காலை நல்ல நேரம் பத்தே முக்காலுக்கு. முதலில் விண்டோஸில் போய், மணி தானாக மாறுவதை நிறுத்திவிட்டு, பத்தே முக்கால் வைத்தேன். பிறகு லினக்ஸ். பிறகு ஆண்ட்ராய்டுக்குப் பில்ட் போடுகிற கணினி. ராகு எந்த ஜாதகத்துக்கும் சலுகை தருவதில்லை அல்லவா?

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! மூன்று திரைகளிலும் பத்தே முக்கால் என்று பார்த்ததும் அறையே காலை ஆகிவிட்டது. வெயிலின் மஞ்சள் குறைந்த மாதிரி இருந்தது. போன காலை நேரம் திரும்பி வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டது. காலையில் பஸ்ஸில் நான் யாருக்கோ இடம் கொடுக்காமல் தூங்குகிற மாதிரி நடித்தது ஞாபகம் வந்தது. இன்னும் அது நடக்கவே இல்லை, இனிமேல் எழுந்து இடம் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அதைவிட முக்கியமாக, பசித்தது. ஒரு மணிக்குச் சாப்பிட்ட சாப்பாடு இனிமேல்தானே வரப்போகிறது?

மாமியின் குரல்களைத் திறந்து, எங்கள் மென்பொருள் கேட்கிற விதத்தில் மூன்று கணினியிலும் சேமித்தேன். பத்து ஐம்பது. கண்ணை மூடிக்கொண்டு பில்ட் கட்டளையைத் தட்டினேன். கண்ணைத் திறந்தேன். முடிந்துவிட்டது!

ஒரு மணி நேரம் ஆகிற வேலை. இரண்டு விநாடி. நான் விண்டோஸைப் பார்த்தேன், முடிந்தது. லினக்ஸைப் பார்த்தேன், முடிந்தது. அந்தச் சம்பந்தி ஆண்ட்ராய்டுகூட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் முடித்திருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம். நான் அதை, இனிமேல் நீ செய்ய ஒன்றும் இல்லை, போய் ஓய்வெடு என்று எடுத்துக்கொண்டேன். நல்ல நேரம் என்றால் என்ன என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!

கீழே போய் ஒரு தட்டு சாம்பார் சாதம் சாப்பிட்டேன். திரும்பி வந்து சாருடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வலப்பக்கம் சுற்றினால் ஆறு, இடப்பக்கம் சுற்றினால் மூன்று கணினி. ஆறு, கணினி, ஆறு, கணினி. நாளையிலிருந்து நான் பில்ட் ஆபரேட்டர். கொக்கு இன்னும் ஒற்றைக் காலில் நின்றது. அதற்கும் நாற்காலி கிடையாது, பாவம்.

"குமரேசா!"

துள்ளி எழுந்தேன். சார் வாசலில், கையில் ஆள் உயர ஸ்பீக்கர். பின்னால் படியில் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"முடிஞ்சுதா?"

"மூணும் முடிஞ்சிருச்சு சார்."

"கேட்டுப் பாத்தியா?"

இந்த இடத்தில் பிள்ளைகளே, கொஞ்சம் கவனிக்கவும். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. நான் "கேட்டேன் சார், தேனு" என்றேன்.

பதினைந்து பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியாக, வேலை விஷயமாக ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை வந்துபோயிருந்த சங்கத் தலைவி அந்தோணியம்மா. அவர் எந்த வாசலிலும் பக்கவாட்டில்தான் நுழைவார். எங்கள் வாசல் ஓர் ஆள் நேராக நுழையப் போதுமான அகலம்தான், ஆனாலும் தோளை முன்னால் விட்டு, ஒருக்களித்துத்தான் வந்தார். "சீக்கிரம் காட்டுபா. சாயங்கால வியாபாரம் கீது."

சார் ஸ்பீக்கரை விண்டோஸ் கணினியில் செருகி, கம்பீரமாக, "முதல்ல வஞ்சிரம்!" என்று தட்டினார்.

ஸ்பீக்கர் கொரகொரத்தது. பிறகு என் குரல் வந்தது. தூக்கக் கலக்கத்தில், இழுத்து இழுத்து.

"வஞ்சிரம்... வஞ்சிரம் நம்ம வூட்டாண்ட வராது... அது பணக்காரன் வூட்டு மாப்ள..."

சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சார் அவசரமாக அடுத்ததைத் தட்டினார்.

"நெத்திலி... பாவம், பொடிசு... என்ன மாதிரி அதுக்கும் நாற்காலி கெடையாது..."

ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அமுக்கினார். "இந்த மெஷின்ல ஏதோ கோளாறு" என்று சார் ஸ்பீக்கரைப் பிடுங்கி லினக்ஸில் செருகினார். நெற்றியில் வேர்வை. "மடவை" என்பதைத் தட்டினார்.

"மடவை... நம்ம பாஸ்கர் சார் மாதிரி... எப்பப் பாரு வாயத் தொறந்துக்கினே கீது..."

சார் திறந்திருந்த வாயை மூடினார். இப்போது யாரும் முந்தானையைத் தேடவில்லை, நேரடியாகவே சிரித்தார்கள். கடைசி நம்பிக்கையாகச் சார் போனை எடுத்தார். முன்னால் உட்கார்ந்திருந்த அந்தோணியம்மா, "இங்க குடு, நான் அமுக்கறேன்" என்று வாங்கி, ஐம்பத்திரண்டு மீனில், ஆண்டவரே, அந்த ஒன்றைத் தொட்டார்.

"நண்டு... இது நம்ம அந்தோணியம்மா அக்கா... நேராவே வராது... கதவு எம்மாம் பெருசானாலும் பக்கமாத்தான் வரும்..."

விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு. நான் இரண்டு மாதம் உயிரைக் கொடுத்து ஒரே பந்தியில் உட்கார வைத்த மூன்று பேரும் ஓர் எழுத்து மாறாமல் என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். அப்படி ஒற்றுமையாக அவர்கள் அதற்கு முன்னால் வேலை செய்ததே இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் அந்தோணியம்மாவைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்தார்.

"யாருபா அது, இந்தக் கொரலு?"

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவதைப் போல, முழங்கை மடங்காமல்.

"அந்தப் பொட்டியத் தூக்கு."

என் அட்டைப்பெட்டியைக் காட்டினார். தூக்கினேன். "தலைல இல்ல. இடுப்புல வெச்சிக்கோ, மீன் கூடை மாதிரி. ஹாங். இப்ப அந்தக் கதவு வழியா வெளில போ. நேரா போ நைனா, ராசா மாதிரி."

போனேன். பெட்டி நிலையில் இடித்தது. இன்னொரு தடவை. மறுபடி இடித்தது, இந்த முறை முழங்கையும் சேர்ந்து. பின்னால் பதினைந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது முதுகில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் தோளை முன்னால் விட்டு, ஒருக்களித்து, பக்கவாட்டில் நழுவினேன். போய்விட்டேன்.

"இப்ப யாரு நண்டு?" என்றார் அந்தோணியம்மா.

மாடி இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். நான் வாசலுக்கு வெளியே பெட்டியோடு நின்றேன். "முப்பது வருசமா இடுப்புல கூடைய வெச்சினு பஸ்ஸுல ஏறி எறங்கறேன். கூடை இல்லாங்காட்டியும் ஒடம்பு மறக்கல" என்றார் அந்தோணியம்மா, வாசலருகே வந்து. சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் என் இருபத்தாறு வயது முழுக்கச் சுருங்கிப்போனது.

"மன்னிச்சிருங்க அக்கா" என்றேன்.

"அது இருக்கட்டும். இன்னாத்துக்கு இப்டி ஆச்சு? அதச் சொல்லு முதல்ல."

அதற்குள் சார் கணினியின் மூலையைப் பார்த்துவிட்டார். வெளியே நான்கே கால். திரையில் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. "குமரேசா," என்றார் மிக மிருதுவாக, "இங்க மணி ஏன் இப்படி இருக்கு?"

மறைக்கவில்லை. ராகு காலம், மாமியின் பை, பத்தே முக்கால், இரண்டு விநாடி, கேட்காமலே கேட்டேன் என்று சொன்னது, எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே கொட்டினேன். சார் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "மாமி குரலை நீ சேமிச்ச மணி பத்து அம்பது. டெஸ்ட் பில்ட் முடிஞ்ச மணி ஒண்ணு. மெஷின் பாத்துது. மாவு பழசு, இட்லி புதுசு. சரி, அடுப்பு எதுக்குன்னு விட்டுடுச்சு. உன் குரலே உள்ள இருந்துடுச்சு." அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோதும் தெரியவில்லை.

அந்தோணியம்மா மோவாயில் கை வைத்தார். "ராவு காலம்னு கடல்ல மீனு லீவு போடுதா? அலை நிக்குதா? இன்னாபா நீங்கல்லாம்!" பிறகு சாரிடம், "ஒரு மணி நேரம் ஒக்காந்து பாக்க முடியாது. நாளிக்குக் காலீல அஞ்சரைக்கு இவன் கொட்டாய்க்கு வரட்டும். மூணுலயும் அந்த அம்மா கொரலு வந்தா கையெழுத்து. வரலேன்னா இவனே நின்னு அம்பத்திரண்டையும் தொண்ட கிழியக் கூவட்டும்."

மறுநாள் விடியற்காலை ஏலக் கொட்டகையில் நின்றேன். மணியைத் திருத்தி, குரல்களை மறுபடி சேமித்து, முந்தின நாள் சாயங்காலமே முழு ஒரு மணி நேரம் எடுத்து வெந்த பில்ட். நூற்று ஐம்பத்தாறு குரலையும் ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தேன். கடல் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. படகுகள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல ஒவ்வொன்றாகக் கரையேறின. எங்கும் ஈர மணலின் வாசனை. யாரோ பொத்தானைத் தட்டினார்கள். கொட்டகையிலிருந்து, பக்கத்துச் சங்க அலுவலகத்திலிருந்து, கரையில் நின்ற பெண்கள் இடுப்பில் செருகியிருந்த போன்களிலிருந்து, ஒரே சமயத்தில் வைதேகி மாமியின் குரல் எழுந்தது. "வஞ்... சிரம் வந்தாச்சு." அந்த 'வஞ்' மட்டும் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அலைமேல் இறங்கியது. ஒரு கிழவர் வலையைப் போட்டுவிட்டுக் கைகூப்பிக் கும்பிட்டார்.

அந்தோணியம்மா கையெழுத்துப் போட்டார். நான் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. அதைக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் பெருக்க ஆரம்பித்தேன். சார் துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்தார்.

"படிச்ச பையன் ஒருத்தனைப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா மூணு மெஷினையும் ஒரே மாதிரி கெடுக்க, மூணையும் தெரிஞ்சவனாலதான் முடியும். இந்த நாற்காலில உக்காரு. சீட்டுல முதல் வரியா ஒண்ணு சேக்கணும். மணி சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வெக்கணும். அதை நீயே எழுது."

எழுதினேன். நான் சொந்தமாக எழுதிய முதல் வரி அது. இன்றைக்கும் அந்தச் சீட்டின் தலையில் இருக்கிறது. மணி தவறாக இருந்தால் பில்ட் நின்றுபோய், 'குமரேசன் பக்கத்தில் இருக்கிறாரா பார்க்கவும்' என்று திரையில் வரும். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதவில்லை. சார் எழுதினார்.

இந்தக் கதையைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கவே கூடாது. போன வாரம் யாழினிக்குப் பரீட்சை. காலையில் நான் போர்வையை இழுத்து, "எழுந்திரு தாயி, மணி ஏழு" என்றேன். உண்மையாகவே ஏழு. அவள் கண்ணைக்கூடத் திறக்காமல் சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்:

"அம்மா! அப்பா ஏழுன்றாரு. நெஜமா எத்தினி?"

உள்ளேயிருந்து தோசைக் கரண்டியோடு பதில் வந்தது:

"தெரியலடி. எதிர் வீட்ல போய்க் கேளு."